மலையில் கரண்டும் டவரும் போனால் தகவல் எப்படிப் போகும்? அவசரப் பை அனுபவங்கள்

நாகலூர் பக்கம் தோட்டம், சேலத்தில் வீடு:

அவசரப் பை என்றதும் பிஸ்கட், தண்ணீர், மாத்திரை, டார்ச், ஆதார் நகல் என்று எல்லோரும் சரியாக அடுக்கி விடுகிறார்கள். மாட்டிக்கொண்டால் யாருக்கு எப்படித் தகவல் சொல்வீர்கள் என்று கேட்டால் மட்டும் "அதான் போன் இருக்கே" என்று முடித்து விடுகிறார்கள். அந்தப் போன் ஏற்காட்டு மழையில் என்ன ஆகும் என்பதை 2024 டிசம்பரில் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. கடற்கரைப் புயல் நம்மை என்ன செய்துவிடும் என்றுதான் மலையில் பலரும் இருந்தார்கள், காப்பிப் பழம் பறிக்கிற சமயம் வேறு, ஆட்களெல்லாம் தோட்டத்தில். ஆனால் அது உள்ளே நகர்ந்து வந்து கொட்டியது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது, திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் போய்விட்டார்கள் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். இங்கே அடிவாரத்திலிருந்து ஏறுகிற 20 கொண்டை ஊசி வளைவு ரோட்டிலும் மண்ணும் பாறையும் இறங்கின, குப்பனூர் வழியும் சரிந்தது. இரண்டு வழியும் அடைத்துவிட்டால் மேலே இருப்பவர்கள் மேலேதான், கீழே இருப்பவர்கள் கீழேதான்.

நாங்கள் பெரியம்மா வீட்டில் இருந்தோம். முதலில் கரண்ட் போனது. டவர் உடனே போகவில்லை, அதற்கு பேட்டரி இருக்கிறது, சில இடங்களில் டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது, ஆனால் அந்த டீசல் மேலே வருவதற்கு ரோடு வேண்டுமே. ஆகவே கரண்ட் போவதற்கும் சிக்னல் போவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம் கிடைக்கும். தகவல் சொல்ல நல்ல நேரம் அதுதான். அந்த நேரத்தில் பெரும்பாலோர் மழை வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் சிக்னல் ஒரு கட்டை வரும், போகும். இந்த நிலைமையில் போன் சும்மா இருப்பதில்லை, டவரைத் தேடிக்கொண்டே இருக்கும், எட்டாத டவரைப் பிடிக்க அதிக சக்தியில் அலை அனுப்பும், பையில் வைத்திருந்தாலும் சூடாகி, யாரும் பேசாமலேயே சார்ஜ் இறங்கிவிடும். ஏரோபிளேன் மோடில் போட்டு வைத்து, மணிக்கு ஒரு தடவை மேட்டுக்குப் போய் எடுத்து, எழுதி வைத்த செய்தியை அனுப்பி, வந்ததைப் படித்து மறுபடி மூடிவிட வேண்டும். பெரியப்பாவிடம் இருந்த பட்டன் போன் இந்த வேலைக்கு எவ்வளவோ மேல். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் நிற்கும், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது.

பேசுவதற்கு முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். கால் போக வேண்டுமானால் டவர் தொடர்ந்து கிடைக்க வேண்டும், எஸ்எம்எஸ்ஸுக்கு ஒரு கணம் கிடைத்தாலே போதும், பெறுகிறவர் போன் அணைந்திருந்தாலும் காத்திருந்து பிறகு போய்ச் சேரும். இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழ் எழுத்தில் தட்டினால் 70தான். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் போகும், மோசமான சிக்னலில் ஒரு துண்டு போய் ஒரு துண்டு நின்றுவிடும். தமிழையே ஆங்கில எழுத்தில், சுருக்கமாக: எந்த இடம், எத்தனை பேர், யாருக்கு என்ன, அடுத்து எப்போது போன் எடுப்போம். இடத்தை எண்ணிலேயே சொல்லலாம், ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் தேவையில்லை, போனில் அட்சரேகை, தீர்க்கரேகை பார்த்து அப்படியே தட்டலாம்.

இதையெல்லாம்விட எங்களைக் காப்பாற்றியது இன்னொன்று. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே ஆளுக்குத்தான் செய்தி அனுப்பினோம், கோயம்புத்தூரில் இருக்கிற சித்தப்பா பையனுக்கு. அங்கே மழை இல்லை, கரண்ட் இருக்கிறது, அவன் போன் எப்போதும் எடுப்பான். மலையில் இருந்த நாங்கள், சேலம் அழகாபுரத்தில் இருந்த அம்மா, பெங்களூரில் இருந்த தங்கை என்று யாருக்கு யாரைப் பற்றித் தெரிய வேண்டுமானாலும் அவனைக் கேட்டால் போதும். பெரியம்மாவுக்குத் தீர்ந்துகொண்டிருந்த சர்க்கரை மாத்திரையின் பெயர் அவன் மூலமாகத்தான் கீழே போனது. பையை நிரப்புவதற்கு முன்னால் இந்த ஆளை முடிவு பண்ணுங்கள். உங்கள் மழை பெய்யாத ஊரில் இருப்பவராக இருக்க வேண்டும். அவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லி வையுங்கள்: 1077 என்பது அந்தந்த மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, கோவையில் இருந்து வெறும் 1077 போட்டால் கோவைக்குத்தான் போகும், சேலத்துக்கு 0427 சேர்த்துப் போட வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

நம்பர்களைத் தாளில் எழுதி, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். அம்மா நம்பரைக்கூட மனப்பாடமாகச் சொல்ல முடியாதவர்கள்தான் இன்று அதிகம், போன் அணைந்தால் நம்பரும் அதோடு போய்விடும்.

சூரமங்கலம், ஹாம் ரேடியோ:

நல்ல பதிவு. வாக்கி டாக்கி வாங்கிப் பையில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள் என்பதால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சின்னப் பட்டையை 2018இல் அரசு திறந்து விட்டது. குறைந்த சக்தி, அதனால் எஸ்டேட்டுக்குள் பங்களாவுக்கும் தொழிலாளர் லைன் வீடுகளுக்கும் பேச ஆகும், நடுவில் ஒரு மேடு வந்தால் கேட்காது. ஆன்லைனில் கிடைக்கிற பெரிய செட்களில் நிறைய இந்தப் பட்டையைத் தாண்டிப் போகிறவை, எந்த அலைவரிசை, லைசென்ஸ் வேண்டுமா என்று எதுவும் சொல்லாமலே விற்றார்கள். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே விதிமுறை கொண்டு வந்தது. சாட்டிலைட் போன், மலையேறுகிறவர்கள் வெளிநாட்டில் வைத்திருக்கிற சாட்டிலைட் மெசேஜ் கருவி, இரண்டுமே அனுமதி இல்லாமல் நம் நாட்டில் வைத்திருந்தால் வழக்குதான். அமெரிக்கச் சொந்தக்காரர் கொடுத்தார் என்று பையில் போட்டுவிடாதீர்கள்.

உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறவர்கள் ஹாம் பரீட்சை, அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேச லைசென்ஸ் வாங்குகிற பரீட்சை, எழுதுங்கள், 12 வயதிலிருந்து எழுதலாம். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்று பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானில் இருந்தார், வேறு காரணத்துக்காகக் கொண்டு போயிருந்த செட்டை வைத்து, போர்ட் பிளேயரில் இருந்து சொந்தக்காரர்களைத் தேடுகிறவர்களுக்குத் தகவல் கடத்தினார். நான் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுகிற கைச் செட் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த அலை நேர்கோட்டில் போவது, அதனால் ஏற்காட்டின் விளிம்பில், லேடீஸ் சீட் மாதிரி இடத்தில் நின்றால் சேலம் முழுக்கக் கேட்கும், நாலு அடி பள்ளத்துக்குள் இறங்கினால் ஒன்றுமே கேட்காது. மலையில் இருக்கிறவர்கள் எந்தக் கருவி வைத்திருந்தாலும், வீட்டைச் சுற்றி எந்த இடத்தில் கீழே ஊர் விளக்கு தெரிகிறது என்று நல்ல நாளிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கொட்டச்சேடு பக்கம்:

எனக்கு இந்த மெகாஹெர்ட்ஸ் எல்லாம் தெரியாதுங்க. எங்கள் பக்கம் ஒரு பெரியவர் மாட்டைத் தேடிப் போய் மழையில் தடம் சரிந்து கீழே சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார், கால் பிசகிவிட்டது. பனி மூடினால் இங்கே பத்தடி தள்ளி ஆள் இருந்தால் தெரியாது, டார்ச் அடித்தால் வெளிச்சம் பனியிலேயே நின்றுவிடும். அவர் கூப்பிட்டது எங்களுக்குக் கேட்டது, ஆனால் எந்தப் பக்கம் என்று புரியவில்லை, கொஞ்ச நேரத்தில் தொண்டையும் கட்டிக்கொண்டது. தேடப் போனவர்கள் விசில் ஊதி, ஊதி நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, அவர் கல்லால் தகரத்தைத் தட்டி, அப்படித்தான் கிட்டே போனோம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் தோட்டத்துக்குப் போகிற எல்லோர் கழுத்திலும் விசில் இருக்கிறது. மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று பல இடங்களில் வழக்கமாம், என் மகள் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாள். நாங்கள் பக்கத்து நாலு வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறோம்: மூன்று கேட்டால் ஒன்று ஊதிப் பதில் சொல்ல வேண்டும், பதில் வருகிற வரை நிறுத்தக் கூடாது. உள்ளே உருண்டை இல்லாத விசிலாக வாங்குங்கள், நனைந்தாலும் ஊதும்.

கேள்வி ஒன்று. பட்டன் போன் வாங்கி, பழைய சிம் ஒன்று இருந்ததைப் போட்டேன், சிக்னலே காட்டவில்லை. போன் கோளாறா?

திருமணிமுத்தாறு ஓரம், சேலம் டவுன்:

மலை மட்டும் இல்லை, ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் தெருவிலும் கரண்டை நிறுத்திவிடுவார்கள். முன்பு வீட்டில் செம்புக் கம்பி லேண்ட்லைன் இருந்தது, அதற்கு வேண்டிய கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக வரும், வீடு இருட்டில் கிடந்தாலும் டயல் டோன் கேட்கும். இப்போது ஃபைபர், வீட்டில் இருக்கிற பெட்டிக்குக் கரண்ட் இல்லாவிட்டால் போனும் இல்லை. லேண்ட்லைன் இருக்கிறதே என்று நம்பிக்கொண்டிருக்கிற பெரியவர்கள் வீட்டில் இதை எடுத்துச் சொல்லுங்கள், அந்தப் பெட்டிக்கென்று சின்ன பேட்டரி கடையில் கிடைக்கிறது.

அப்புறம் ரேடியோ. தகவல் அனுப்புவதைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள், தகவல் வருவதும் வேண்டுமே. எங்கள் வீட்டில் இரண்டு பென்சில் செல் போடுகிற சின்ன ரேடியோ, அதே செல் போடுகிற டார்ச். தர்மபுரி வானொலி 102.5இல் கிடைக்கும், ஏற்காட்டில் தெற்கு பார்த்த மேட்டில் கொடைக்கானல் 100.5ஐயும் திருப்பிப் பாருங்கள். செல்லை ரேடியோவுக்குள்ளேயே விட்டு வைத்தால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும், தனியாக வையுங்கள். போனிலேயே எஃப்எம் இருக்கிறது என்பவர்கள் ஒயர் வைத்த ஹெட்போன் ஒன்றையும் போடுங்கள், அந்த ஒயர்தான் ஏரியல்.

நாகலூர் பக்கம், மறுபடியும்:

கொட்டச்சேட்டுக்காரருக்கு: அண்ணா, போன் கோளாறாக இருக்காது. சாதாரண பட்டன் போன் 2ஜி மட்டும்தான் பிடிக்கும், ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த சிம் என்றால் 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். வேறு கம்பெனி சிம் என்றால், ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று விதி இருக்கிறது, கடையில் காட்டிக் கேளுங்கள். புதிதாக எடுப்பதாக இருந்தால் உங்கள் வீட்டு வாசலில் எந்தக் கம்பெனி கிடைக்கிறதோ அதை எடுங்கள், கையில் இருக்கிற போனில் இருப்பதற்கு வேறாக இருக்கட்டும். அதிலிருந்து மாதம் ஒரு எஸ்எம்எஸ், நீங்கள் முடிவு பண்ணி வைத்த வெளியூர் ஆளுக்குப் போட்டுவிட்டால் சிம்மும் உயிரோடு இருக்கும், அவருக்கும் அந்த நம்பர் பழகிவிடும். உங்கள் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் 112 போட்டுப் பாருங்கள், வேறு கம்பெனி டவர் எட்டினால் அது வழியாகப் போகும்.

பவர் பேங்க் பற்றித் தனியாகக் கேட்டிருந்தார்கள். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தாலும் அது உள்ளே இருக்கிற பேட்டரியின் கணக்கு, போனுக்கு ஏற்றும்போது மூன்றில் ஒரு பங்கு போல வீணாகும், அதனால் 5,000 பேட்டரி போனை ஒரு முறை முழுதாக, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான். பட்டன் போனுக்கு மைக்ரோ யுஎஸ்பி, புது போனுக்கு டைப் சி, இரண்டு கேபிளும் பையிலேயே இருக்கட்டும், வீட்டில் இருக்கிற கேபிளை அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஆடி முடிந்ததும் ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை பவர் பேங்க்கை முழுதாக ஏற்றி வைக்கிறோம்.