தனியா நீண்ட பைக் பயணம்: பெட்டியா, பையா?

புதுடயர்
பன்னிரண்டு நாள், ஒரே ஆள், பின்சீட் காலி. பாதி தார் ரோடு, பாதி ஜல்லியும் மண்ணும். பெட்ரோல் நிரப்பிய வண்டி 195 கிலோ. மேனுவல்படி அதிகபட்ச மொத்த எடை 360 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸோடு நான் 88 கிலோ. பக்கத்துக்கு ஒன்றாக 35 லிட்டர் அலுமினியப் பெட்டி இரண்டும் பின்னால் 45 லிட்டர் டாப் பாக்ஸும் மாட்டலாமா, துணிப்பையே போதுமா?

தகரப்பெட்டி
பெட்டிதான், யோசிக்கவே வேண்டாம். தனியாகப் போகிறவருக்குச் சாமானைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். மழையில் உறை தேட வேண்டாம். 360-ல் 195-ஐயும் 88-ஐயும் கழித்தால் 77 கிலோ மிச்சம். பன்னிரண்டு நாளுக்கு இருபத்தைந்து கிலோவுக்கு மேல் யாரும் கட்டப்போவதில்லை.

சுருட்டுப்பை
கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அலுமினியப் பெட்டி ஒன்று காலியாகவே 5 கிலோ இருக்கும். இரண்டுக்குப் 10. அதைத் தாங்கும் இரும்பு ஃபிரேம் 5, டாப் பாக்ஸும் பிளேட்டும் இன்னொரு 5. ஒரு ஜோடி சாக்ஸ் வைப்பதற்கு முன்னாலேயே 20 கிலோ. துணிப்பை செட் முழுவதும் 4 கிலோவில் முடிந்துவிடும்.

தகரப்பெட்டி
20 போனாலும் 57 இருக்கிறதே. என்ன குறைந்துவிட்டது?

பதினாலாம்நம்பர்
அந்த 57 வண்டிக்குச் சொன்னது. கேரியருக்குத் தனிக் கணக்கு. பின் கேரியர் மேலேயே 5 கிலோ, 7 கிலோ என்று அச்சடித்திருப்பார்கள், அதை முதலில் படியுங்கள். 7 கிலோ கேரியரில் 5 கிலோ பெட்டியை மாட்டினால் உள்ளே வைக்க 2 கிலோ. 45 லிட்டர் இருக்கிறதே என்று ரொப்பினால் சப்ஃபிரேம் (சீட்டையும் கேரியரையும் தாங்கும் பின்பக்கச் சட்டம்) வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும். தார் ரோட்டில் தெரியாது, ஜல்லியில் தெரியும்.

எடை எங்கே உட்கார்கிறது என்பதையும் பாருங்கள். வீல்பேஸ், அதாவது இரண்டு அச்சுக்கும் நடுவே உள்ள தூரம், 1400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டாப் பாக்ஸின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 350 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. அங்கே 12 கிலோ வைத்தால் பின் சக்கரத்தில் ஏறுவது 12 இல்லை, 15. மிச்ச 3 கிலோவை முன் சக்கரத்திலிருந்து தூக்கிவிடுகிறது. அதே 12 கிலோவைப் பின்சீட்டில், அச்சுக்கு 200 மில்லிமீட்டர் முன்னால் வைத்தால் முன் சக்கரத்துக்கு 1.7 கிலோ கூடுகிறது.

தகரப்பெட்டி
சக்கரத்துக்கு நூறு கிலோவுக்கு மேல் நிற்கிற இடத்தில் 3 கிலோ ஒரு விஷயமா, அண்ணே?

பதினாலாம்நம்பர்
நின்ற வண்டிக்கு இல்லை. ஓடும்போது அந்த 12 கிலோ உயரத்தில், கடைசிக் கோடியில், லேசாக ஆடும் ஒரு பிளேட் மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்றும் அதன்மேல் மோதுகிறது. வேகம் ஏற ஏற வால் ஆட ஆரம்பிக்கும். டாப் பாக்ஸ் மேனுவலில் வேக வரம்பு போடுவது அதனால்தான். தனி ஆளுக்குக் கிடைக்கிற ஒரே சொகுசு காலியான பின்சீட். அதை விட்டுவிட்டு அச்சுக்குப் பின்னால் பாரம் ஏற்றுவது எனக்குப் புரியவில்லை.

ஒத்தையடி
டாப் பாக்ஸ் வேண்டாம் என்பதில் அண்ணனோடு சேர்ந்துகொள்கிறேன். ஆனால் பக்கப் பெட்டிகளையும் மண் ரோட்டுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். சறுக்கும் இடத்தில் அனிச்சையாகக் காலை ஊன்றுவோம். வண்டி முன்னால் நகர, பெட்டியின் கீழ் மூலை கெண்டைக்காலில் வந்து இடிக்கும். துணிப்பை நசுங்கிக் கொடுக்கும், அலுமினியம் கொடுக்காது. அகலமும் இருக்கிறது. பெட்டிகளோடு 95 சென்டிமீட்டர் வந்தால் ஹேண்டில்பார் நுழைந்த சந்தில் பின்பக்கம் நுழையாது.

தகரப்பெட்டி
காலைக் கால்மிதியிலேயே வைக்கப் பழக வேண்டும். துணிப்பைக்காரர்கள் சைலன்சரைப் பற்றி வாயே திறப்பதில்லை, கவனித்தீர்களா? சீட்டுக்குக் குறுக்கே போட்டு இரு பக்கமும் தொங்கும் பை உள்ளே ஒருக்களித்தால் ஒரு பக்கம் சைலன்சர் உருக்கும், மறுபக்கம் டயர் அரைக்கும். பூட்டும் கிடையாது, கத்தி இருந்தால் ஒரு நிமிஷம்.

சுருட்டுப்பை
சைலன்சர் விஷயம் நியாயம், மறுக்கவில்லை. பை உள்ளே சாயாமல் தடுக்க இரண்டு பக்கமும் வளைகம்பி வேண்டும், ஒரு கிலோவுக்குள் முடியும். சைலன்சர் பக்கம் வெப்பத் தடுப்புத் தகடு கட்டாயம். கட்டி முடித்ததும் பையை உள்பக்கம் கையால் அழுத்திப் பாருங்கள். அப்போதும் சைலன்சரைத் தொடக் கூடாது.

மழைக்கு வெளி உறையை நம்பாதீர்கள். காற்றில் படபடத்துப் பறக்கும், பறக்காவிட்டால் அடியில் தண்ணீர் தேக்கும். வாய் சுருட்டி மூடும் உள்பைதான் சரி. காற்றை அழுத்தி வெளியேற்றி, குறைந்தது மூன்று சுற்று சுருட்டி, அப்புறம் பக்கிள். இரண்டு சுற்றில் நிறுத்தினால் ஒழுகும். பை பாதி காலியாக இருந்தாலும் தப்பு, உள்ளே சாமான் உருண்டு உரசும். டப்பா, ஸ்பானர் மாதிரி கூர்முனை எதுவும் பைச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. அதிர்வே இரண்டு நாளில் ஓட்டை போட்டுவிடும்.

பூட்டு இல்லைதான். பாஸ்போர்ட், பணம், லைசென்ஸ் உடம்போடு இருக்கட்டும். கேமராவும் சார்ஜரும் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டி, கழற்றி எடுத்துப்போகும் டேங்க் பேக்கில். அழுக்குத் துணியை எவன் திருடப்போகிறான்?

ஒத்தையடி
டேங்க் பேக் 3 கிலோவைத் தாண்ட வேண்டாம். மாட்டியபிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஹாரனோ கிளட்ச் லீவரோ பையில் இடித்தால் சின்னதாக மாற்றுங்கள். காந்தப் பை பிளாஸ்டிக் டேங்கில் ஒட்டாது, இதையும் வாங்கிய பிறகுதான் பாதிப் பேர் கண்டுபிடிக்கிறார்கள்.

புதுடயர்
பின்சீட் பையைக் கட்ட கொக்கி வைத்த ரப்பர் கயிறு போதுமா? முதுகுப்பையும் ஒன்று மாட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

பதினாலாம்நம்பர்
இரண்டுமே வேண்டாம். ரப்பர் கயிறு குழியில் நீளும், பை ஒரு அங்குலம் நகரும், கொக்கி கழன்றால் நேரே செயினுக்குத்தான் போகும். செயினில் சுற்றினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கையை விட்டுத் தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

25 மில்லிமீட்டர் அகல நைலான் பட்டை, கேம் பக்கிள் (கையால் இழுத்தாலே பிடித்துக்கொள்வது) போட்டது, நான்கு வாங்குங்கள். இரண்டு குறுக்காக, இரண்டு முன்னும் பின்னும் இழுக்க. பிளாஸ்டிக் பேனலில் கட்டாதீர்கள், இரும்பில் கட்டுங்கள். பட்டையை ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் துடித்துச் சத்தம் போடாது. மிச்ச நுனியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு பட்டைக்கு அடியில் செருகுங்கள். தொங்கவே கூடாது. லாரிக்காரர்கள் மாதிரி ராட்செட் (நெம்பி முறுக்கும் பக்கிள்) போட்டு முறுக்காதீர்கள், பின்சீட்டுக் கைப்பிடிக் கம்பி வளைந்துவிடும்.

முதுகுப்பை காலையில் ஒன்றும் தெரியாது, மதியத்துக்குமேல் தோளைக் கொல்லும். அதில் ஸ்பானரோ டிரைபாடோ இருந்து விழுந்தால் முதுகெலும்பில் குத்தும். தண்ணீர்ப் பை மட்டும் என்றால் சரி.

தகரப்பெட்டி
தினமும் நான்கு பட்டையை அவிழ்த்துக் கட்ட இருபது நிமிஷம். பெட்டி என்றால் சாவியைத் திருப்பிக் கழற்றி ரூமுக்கு எடுத்துப்போகலாம். பன்னிரண்டு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள்.

ஒத்தையடி
அந்தச் சாவிப் பிடிதான் முதலில் உடையும். அலுமினியம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம், மூடி முன்போலப் பொருந்தாது. ஃபிரேம் போல்ட்டுகளைப் பற்றி ஏன் பேசவே இல்லை?

தகரப்பெட்டி
பேசுகிறேன். நீல த்ரெட்லாக்கர் (நட்டு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, மேனுவல் சொல்லும் டார்க் (இறுக்கும் அளவு), நட்டுக்கும் ஃபிரேமுக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு. கோடு விலகினால் நட்டு சுற்றியிருக்கிறது, தினமும் காலையில் ஒரு பார்வை போதும். சிவப்பு த்ரெட்லாக்கர் போடாதீர்கள், சூடு காட்டாமல் கழற்ற முடியாது. முழுக்கத் தார் ரோடு என்றால் இன்னமும் பெட்டிதான் என் ஓட்டு. பாதி மண் என்பதால் டாப் பாக்ஸை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

பதினாலாம்நம்பர்
எதைக் கட்டினாலும் கட்டியபிறகு வண்டியைச் செட் பண்ணாமல் கிளம்பாதீர்கள். பின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) கூட்டுங்கள். பாரத்தோடு நீங்கள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் மொத்தம் அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கக் கூடாது. அமுங்கினால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சைடு ஸ்டாண்டிலும் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழப் பார்க்கும். டயர் காற்று, மேனுவலில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவு. செயின் தளர்வையும் நீங்கள் உட்கார்ந்து இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி அமுங்கி ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) மேலே ஏறும்போது செயின் இறுகும், காலி வண்டியில் சரியாக இருந்தது பாரத்தில் கம்பி மாதிரி ஆகலாம்.

இடது வலது பைகளைத் தராசில் தூக்குங்கள். ஒரு கிலோ வித்தியாசம் பரவாயில்லை. கிளம்பி 40, 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி பட்டைகளை இறுக்குங்கள், துணி அதற்குள் படிந்திருக்கும்.

புதுடயர்
முடிவு பண்ணிவிட்டேன். வளைகம்பியோடு 20 லிட்டர் பக்கப் பை இரண்டு, பின்சீட்டில் குறுக்காக 40 லிட்டர் சுருட்டுப்பை, சின்ன டேங்க் பேக். இடது பக்கம் டூல்ஸ், டியூப், காற்றுப் பம்பு. வலது பக்கம் தண்ணீர் 3 லிட்டர், அடுப்பு, செயின் ஆயில். சுருட்டுப்பையில் டென்ட், தூங்கும் பை, துணி. மேலாக மழைக்கோட்டு. உபரி பெட்ரோல் 2 லிட்டர் கேனை வலது பைக்குள் வைக்கிறேன்.

சுருட்டுப்பை
கேன் உள்ளே வேண்டாம். அடுப்போடு சேர்த்து, அதுவும் சைலன்சர் பக்கம்! இடது பக்கம் வெளியே, நிமிர்த்தி, தனிப் பட்டையில். வாய்வரை ரொப்பாதீர்கள். பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறக்குறைய ஒரு சதவீதம் விரியும், ஆவி அழுத்தம் வேறு.

பதினாலாம்நம்பர்
கிளட்ச் கேபிள் லிஸ்டில் இல்லை. அதைப் பையில் போடாதீர்கள், பழைய கேபிளை ஒட்டியே புதியதையும் ஓட்டி, இரண்டு நுனியையும் டேப் சுற்றி விடுங்கள். அறுந்தால் நுனியை மட்டும் மாற்றி மாட்டினால் போதும்.

தகரப்பெட்டி
மழைக்கோட்டை மட்டும் சுருட்டுப்பைக்கு உள்ளே வைக்காதீர்கள். மூன்று சுற்றை மழையில் நின்று அவிழ்ப்பீர்களா? பட்டைக்கு அடியில் செருகுங்கள்.