மறுமொழி: க்ரீ எழுத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம்.

கனடாவின் பழங்குடியினரான க்ரீ மக்களின் எழுத்துமுறைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது கேள்வி. இந்த இழையில் முன்பு எழுதிய ஐயா ‘உயிர்மெய்’ போதும் என்கிறார். எனக்கு ஒப்பவில்லை. நம் உயிர்மெய்யில் மெய் ஒரு துண்டு, உயிர்க்குறி ஒரு துண்டு. ஒருங்குறியும் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணை, அதாவது ஓர் இடத்தை, ஒதுக்கும் யூனிகோடு) ‘பே’யை அப்படித்தான் வைத்திருக்கிறது: பகரம் ஓர் இடம், அதன் ஏகாரக் குறி இன்னோர் இடம். க்ரீயில் பிரிக்க ஒன்றுமில்லை. கூர்முனை உள்ள ஒரே வடிவம்தான். முனை கீழே பார்த்தால் பே, மேலே பார்த்தால் பி, வலப்பக்கம் பொ, இடப்பக்கம் ப. மெய் வடிவத்தில், உயிர் அது நிற்கும் நிலையில். இதை எப்படி இரண்டாக வெட்டுவது?

அதனால் ஒவ்வொன்றுக்கும் முழு இடமே கொடுத்திருக்கிறார்கள். பதினறும எண்ணில் பி 1431, பீ 1432, பொ 1433, போ 1434, ப 1438, பா 1439. நம்மூரில் 2010இல் தமிழ்நாடு அரசு ஏற்ற ‘அனைத்து எழுத்துக் குறியேற்றம்’ என்ற கணினி முறை தமிழுக்குக் கேட்டதும் இதைத்தானே! (அந்தச் சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம்.) இன்னொன்று: தனி உயிர்களும் ஒரு முக்கோணத்தின் நான்கு நிலைகள்தான். மெய்யே இல்லாததை உயிர்மெய் என்பது எப்படி?

‘அசையெழுத்து’ பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யாப்பில் நேரசை, நிரையசை படித்தவருக்கு ‘நிலா’ ஒரே அசை. இங்கே அதற்கு இரண்டு எழுத்து வேண்டும். யாப்பை விட்டுவிட்டாலும் ஜப்பானியக் கனாவும் அசையெழுத்துதான். இந்த முறையின் தனித்தன்மை அந்தப் பெயரில் இல்லை.

‘இவான்ஸ் எழுத்து’ வேண்டவே வேண்டாம். மெதடிஸ்ட் பாதிரியார் ஜேம்ஸ் இவான்ஸ் 1840இல் கனடாவின் நார்வே ஹவுஸில் அச்சிட்டார் என்பது ஒரு பக்கம். ‘அழைக்கும் வளைக்கரடி’ என்ற முன்னோருக்கு ஆவியுலகம் தந்தது என்பது க்ரீ மக்களின் வழக்கு. பெயரிலேயே நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ‘க்ரீ எழுத்து’ என்றால் இதே முறையில் எழுதும் இனுக்டிடுட், ஓஜிப்வே மொழிகள் எல்லாம் விடுபடும். ஒருங்குறியில் 1400 என்ற பதினறும எண்ணில் தொடங்கும் அந்த 640 இடங்கள் பல மொழிகளுக்குப் பொது.

அடுத்து ‘சுழலெழுத்து’. நானும் முதலில் இதைத்தான் நினைத்தேன். பகரம் சுழல்கிறது, சரி. ககர வரிசையைப் பாருங்கள்: கால் நீண்ட வளையம். கியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாலும் க வராது. கவிழ்த்துப் போட்டால்தான் வரும். ‘திசையெழுத்து’ அழகாக இருக்கிறது, ஆனால் எழுதும் திசை என்று மென்பொருளில் ஏற்கெனவே ஒன்று உண்டு. அரபுபோல வலமிருந்து இடம் போலும் என்று யாராவது நினைப்பார்கள்.

என் முன்மொழிவு: திருப்பெழுத்து. தலையையும் திருப்புகிறோம், தோசையையும் திருப்புகிறோம். சுழற்றுவதும் புரட்டுவதும் ஒரே வினையில் அடங்குகிறது. நமக்குக் கிடைத்த வசதி, விடுவானேன்?

திரும்பாத ஒரு கூட்டமும் உண்டு: அசையின் கடைசியில் சிறிதாக, உயர்த்தி எழுதும் மெய்கள். மேற்குக் க்ரீயில் ‘ப்’ ஒரு சிறு நெட்டுக்கோடு, கிழக்கில் பகரத்தின் குட்டி வடிவம்; இரண்டுக்கும் தனித்தனி இடம். இவற்றுக்கு ‘ஒற்று’ என்ற நம் சொல்லே கச்சிதம்.

புள்ளியில்தான் தலைவலி. நமக்குப் புள்ளி உயிரைப் போக்கும். அங்கே மேலே புள்ளி வைத்தால் உயிர் நீளும். பக்கத்தில் வைத்தால் வகரம் சேரும், அதுவும் கிழக்கே இடப்பக்கம், மேற்கே வலப்பக்கம். ‘ப்வே’ ஒன்றுதான், ஒருங்குறியில் இடம் இரண்டு. வெறும் ‘புள்ளி’ என்று மொழிபெயர்த்தால் குழப்பம் நிச்சயம். நெடிற்புள்ளி, வகரப்புள்ளி என்று பிரிக்கலாமா? ஒற்றுக்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இந்த இரண்டு புள்ளிப் பெயர்களுக்கும் உங்கள் கருத்து வந்தபின் பகர வரிசை எழுத்துகளின் தமிழ்ப் பெயர்களைத் திருத்தி அனுப்புகிறேன்.