பென்னி ஏலத் தளத்தில் போன பணத்தைத் திரும்பப் பெற வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா, ஐபேட் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பென்னி ஏலத் தளத்தில் சேர்ந்திருக்கிறார். இந்த மாதிரி தளங்களில் ஏலம் கேட்பதற்கே காசு. ஒரு முறை கேட்பதற்கு, அதாவது ஒரு பிட்டுக்கு (bid), 60 சென்ட் என்றால் பொருளின் விலை ஏறுவது வெறும் 1 சென்ட். கூடவே ஏலம் முடியும் நேரமும் சில நொடி நீளும். கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது: 50 டாலரில் முடியும் ஏலத்தில் 5,000 பிட் விழுந்திருக்கும், தளத்துக்கு 3,000 டாலர்! தோற்றவர்கள் போட்டது போனதுதான். ஜெயித்தாலும் ஏல விலை, அனுப்பும் செலவு எல்லாம் தனி. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசி (FTC) 2011லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

பெயர் பதிந்ததுமே, அவர் கேட்காமலேயே ஒரு பிட் பேக்குக்கு (மொத்தமாக வாங்கும் பிட்டுகள்) கிரெடிட் கார்டில் பணம் எடுத்துவிட்டார்கள். பாதி பிட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. தளத்துக்கு எழுதினால் பதிலே இல்லை.

கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டு, அதாவது இந்தக் கட்டணம் செல்லாது என்று முறையிட்டு, யாராவது பணம் வாங்கியிருக்கிறீர்களா? என்ன ஆதாரம் கேட்டார்கள்? அப்புறம், மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் புகார் கொடுத்தால் பலன் உண்டா? ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால் கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.