கம்பைத் தொடுமுன்

காரைக்குடியிலிருந்து:

நான் கம்பு பிடித்தது முப்பத்தெட்டு வயதில். டாக்டர் நடக்கச் சொன்னார், எனக்கு நடப்பது சலிப்பு. ஊருணிக் கரையில் பையன்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரிடம் போய் நின்றேன். வெற்றிலை பாக்குத் தட்டில் ஒன்றேகால் ரூபாய் வைத்துக் காலில் விழச் சொன்னபோது கூச்சம்தான். சாமி கும்பிடும் பழக்கமே இல்லாதவன் நான்.

களத்தில் இறங்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட வேண்டும். ஒருநாள் அவசரத்தில் ஒப்புக்குத் தொட்டுவிட்டுக் கம்பை எடுத்தேன். "தம்பி, கையில என்ன பட்டுச்சு?" என்றார். சொல்லத் தெரியவில்லை. மறுபடி குனிந்து உள்ளங்கையை அழுத்தினேன். மேல்மண் காய்ந்திருந்தது, அடியில் முந்தின நாள் மழை ஈரம். ஒரு சாண் தள்ளி கருவேல முள். வெறுங்காலோடு சுழன்று காலடி வைக்கிற இடம். "சாமி கும்பிடாட்டிப் போ, தரையப் பாத்துக்க" என்றார்.

எங்களோடு ஒரு முஸ்லிம் பையன். திருநீறு பூசமாட்டான், நெஞ்சில் கை வைத்துவிட்டு இறங்குவான். வாத்தியார் ஒன்றும் சொன்னதில்லை. வணக்கம் போடுகிற வரிசைக்கே சலாம் வரிசை என்றுதானே பெயர்!

தேவகோட்டையிலிருந்து:

உங்களுக்கு வாய்த்தவர் நல்லவர், அண்ணா. என் மகளின் வாத்தியார், மாதத்தில் அந்த மூன்று நாள் களத்துக்கு வரக்கூடாது என்றார். போட்டிக்கு இரண்டே வாரம். வேலு நாச்சியார் ஆண்ட சீமை இது என்று சொல்லிப் பார்த்தேன். "அது வேற" என்றார். சரி என்று வேறு இடத்தில் சேர்த்தோம். அங்கேயும் சூடம் கொளுத்துகிறார்கள், ஆனால் யாரையும் வெளியே நிறுத்துவதில்லை.

திருப்பத்தூரிலிருந்து:

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட ஊர் எங்களுடையது. வெளியாளுக்குச் சொல்லிக்கொடுத்தால் வித்தை போய்விடும் என்பார் தாத்தா. சின்ன மருதுவோ வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரிக்கே வளரி என்ற வளைந்த எறி ஆயுதத்தை வீசச் சொல்லிக்கொடுத்தவர். வெல்ஷே அதை எழுதி வைத்திருக்கிறார். அதே வெல்ஷ் அப்புறம் எதிர்ப்படையில் நின்றார் என்பதால் தாத்தா பேச்சையும் ஒரேயடியாகத் தள்ள முடியவில்லை. தாத்தாவுடைய வளரி இப்போது எங்கள் சாமி அறையில். ஆடிக்கு ஆடி பொட்டு வைக்கிறோம். வீசத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லை.