மைனஸ் 2.50, 1.75 ஆனது எப்படி? கோத்தகிரி அக்குபங்சர் முகாம் பற்றி

பெட்போர்டு_கண்ணாடி:
ரெண்டு நாளா ஒரே நோட்டீஸை ஏழு பேர் என் போனுக்கு அனுப்பிட்டாங்க. "பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு அக்குபங்சர். மூன்றே மாதத்தில் கண்ணாடியைக் கழற்றலாம்." ஞாயித்துக்கிழமை கோத்தகிரியில முகாமாம். அதுக்குக் கீழே கட்டபெட்டுக்காரர் ஒருத்தர், "என் மகளுக்கு மைனஸ் 2.50 இருந்துச்சு, இப்ப மைனஸ் 1.75, கண்கூடாப் பார்த்தேன்"னு சாட்சி சொல்லியிருக்கார். குன்னூர்ல 22 வருஷமா கண் பரிசோதனை பண்ற எனக்கு இதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலை. அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல்ல பவர் பார்த்தப்போ, பிள்ளைக்குச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்தாங்களா?

கட்டபெட்டு_அப்பா:
அந்த ஆள் நான்தாங்க. என்னைப் பத்திப் பேசறதா இருந்தா என்கிட்டயே பேசுங்க. மகளுக்கு 13 வயசு. நாலு மாசமா வாரம் ஒருக்கா கூட்டிட்டுப் போறேன். ஹீலர் அம்மா மணிக்கட்டைப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் நாடி பார்ப்பாங்க. அப்புறம் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல, கொஞ்சம் மேலே, ஒரே இடத்துல விரலை வெச்சுத் தொடுவாங்க. கல்லீரல் புள்ளி அது. கல்லீரல் சரியானா கண்ணு சரியாகும்னு சீனாக்காரன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலயே எழுதி வெச்சிருக்கான். பவர் குறைஞ்ச சீட்டு என் பீரோவுல இருக்கு.

கொடை_மூஞ்சிக்கல்:
ஆரம்பிக்கும்போதே ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன். ஊசி குத்தறது அக்குபங்சரா, விரலால தொடறதா, இல்ல காதுல விதையை ஒட்டி அழுத்தறாங்களே அதுவா? எதைப் பத்திப் பேசறோம்னு தெரிஞ்சா நானும் கலந்துக்குவேன்.

பெட்போர்டு_கண்ணாடி:
சீட்டை நான் நம்பறேன் அண்ணா. கேட்டது வேற. சொட்டு மருந்து போட்டுப் பார்த்தாங்களா? பிள்ளைகளோட கண்ணுக்குள்ள கிட்டத்துப் பொருளைப் பார்க்க ஒரு தசை இறுகும். செல்போனும் புத்தகமுமா நாள் பூரா இருந்தா அந்த இறுக்கம் லேசுல விடாது. அந்த நேரத்துல மெஷின்ல முகத்தை வெச்சா இல்லாத மைனஸையும் சேர்த்துக் காட்டும். பரீட்சை முடிஞ்சு லீவுல விளையாடிட்டு வந்தா அதே மெஷின் குறைச்சுக் காட்டும். அதனாலதான் சொட்டு மருந்து ஊத்தி, கண்ணை மூடி உக்கார வெச்சு, தசை தளர்ந்த பிறகு பார்க்கச் சொல்றது. 0.75 வித்தியாசத்துக்குக் கால் விரலைத் தொட வேண்டியதே இல்லை.

கட்டபெட்டு_அப்பா:
ரெண்டு தடவையும் ஒரே கடை, ஒரே மெஷின், பார்த்த தம்பியும் ஒருத்தர்தான். இதுக்கு மேல என்ன வேணும்?

பெட்போர்டு_கண்ணாடி:
ஆக, சொட்டு மருந்து போடலை.

கட்டபெட்டு_அப்பா:
அப்படி நான் சொல்லவே இல்லையே. என் வாயில வார்த்தையைத் திணிக்காதீங்க. சொட்டு மருந்தோட லட்சணம் எனக்கும் தெரியும். பெரியவனைக் கீழ சமவெளியில ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், பேரெல்லாம் வேண்டாம். காலையில ஊத்தினாங்க. திரும்பி வரும்போது கொண்டை ஊசி வளைவு பூரா வெயில் கண்ணைக் குத்துதுன்னு என் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டு வாந்தி எடுத்தான். மறுநாள் கணக்குப் பரீட்சை. எழுத்தெல்லாம் கலங்கித் தெரியுதுப்பான்னு அழுதான். பரீட்சை இருக்கான்னு ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கலை. பொண்ணுக்கும் அதைச் செய்வேன்னு நினைக்காதீங்க.

அருவங்காடு_ரிட்டயர்டு:
கண்ணாடி விக்கிறவர்கிட்ட போய் கண்ணாடியைக் கழட்டலாமான்னு கேட்டா வேற என்ன சொல்வாரு? பெட்போர்டு பார்க்கிங் பிரச்சினையிலயும் இதே கதைதான். கடை வாசல்ல வண்டியை நிறுத்த எல்லாருக்கும் சட்டம் பேசினாரு, தன் ஸ்கூட்டரை மட்டும் அங்கேயே விட்டாரு.

பெட்போர்டு_கண்ணாடி:
அந்த ஸ்கூட்டர் என்னுது இல்லைன்னு அன்னைக்கே போட்டோ போட்டேன். கட்டபெட்டு அண்ணா, பரீட்சைக்கு முதல் நாள் சொட்டு மருந்து போட்டது தப்புதான், நான் போட மாட்டேன். ஆனா ஊத்தின விதம் தப்புன்னா ஊத்தாமலே பார்த்த கணக்கு சரியாயிடுமா?

தொடுசிகிச்சை_மாணவி:
சார் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை, படிச்சிட்டிருக்கேன். ஆனா ஆதாரமே இல்லாத மாதிரி பேசறது நியாயம் இல்லை. தைவான்ல 2008-லயே ஆய்வு வந்திருக்கு. அட்ரோபின் மட்டும் போட்ட பிள்ளைகளை விட, அதே அளவு அட்ரோபினோட காதுப் புள்ளிகளையும் அழுத்தின பிள்ளைகளுக்குப் பவர் ஏறறது குறைவா இருந்திருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

பெட்போர்டு_கண்ணாடி:
அட்ரோபின்னா என்னன்னு தெரியுமா தங்கச்சி? சொட்டு மருந்து! கட்டபெட்டு அண்ணன் வேண்டாம்னு ஒதுக்கற அதே குடும்பம்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடற காக்ரேன் குழு, 2011-ல கிட்டப்பார்வைக்கான அக்குபங்சர் ஆய்வு எல்லாத்தையும் தேடிப் பார்த்துச்சு. தேறினது ரெண்டு, ரெண்டும் தைவான், மொத்தம் 131 பேர். கண்ணோட நீளத்துல ரெண்டு தரப்புக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை, இதை வெச்சு எந்த முடிவும் சொல்ல முடியாதுன்னு எழுதிட்டாங்க. நீளம்தான் இங்க விஷயமே. மைனஸ் ஏறுதுன்னா கண்ணு நீண்டுக்கிட்டே போகுதுன்னு அர்த்தம். ஒரு மில்லிமீட்டர் நீண்டா இரண்டரை, மூணு பவர் ஏறும். நீண்ட கண்ணைச் சுருக்க ஊசியாலயும் ஆகாது, விரலாலயும் ஆகாது, என் கண்ணாடியாலயும் ஆகாது.

தொடுசிகிச்சை_மாணவி:
முடிவு சொல்ல முடியாதுன்னா பொய்னு அர்த்தமில்லையே சார்.

பெட்போர்டு_கண்ணாடி:
"மூன்றே மாதத்தில் கழற்றலாம்"னு நோட்டீஸ் அடிக்கலாம்னும் அர்த்தமில்லையே. சீனாவுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க 1963-ல இருந்து கண்ணைச் சுத்திப் புள்ளிகளை அழுத்திப் பயிற்சி பண்றாங்க. 2018-ல அந்த அரசாங்கமே எடுத்த கணக்குப்படி பிள்ளைகள்ல 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. பிறந்த வீட்டுலயே பலிக்காதது கோத்தகிரி முகாம்ல மூணு மாசத்துல பலிக்குமா?

கேத்தி_கேரட்:
நான் இந்தச் சண்டைக்கு வரலை. எங்க வீட்டுல ரெண்டு பசங்க, ரெண்டு பேருக்கும் கண்ணாடி கிடையாது. தோட்டத்துல பிடுங்கின கேரட்டை வாய்க்கால்ல அலசி அப்படியே கடிப்பாங்க. பாக்கெட் சிப்ஸ் தின்னா கண்ணு எப்படித் தெரியும்?

பெட்போர்டு_கண்ணாடி:
வைட்டமின் ஏ குறைஞ்சா மாலைக்கண் வரும், அதுக்குக் கேரட் நல்லது. கிட்டப்பார்வை வேற. கட்டபெட்டு அண்ணா இன்னும் பதில் சொல்லலை.

கொடை_மூஞ்சிக்கல்:
கேரட்னா கேத்தி மட்டும்தானா? எங்க கொடைக்கானல்ல பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வந்து பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துல தினமும் கேரட் தின்னுட்டு கண்ணாடி போட்ட பிள்ளைங்க வரிசையா இருக்காங்க.

கேத்தி_கேரட்:
மேட்டுப்பாளையம் மண்டியில ஊட்டி கேரட்னுதான் ஏலம் கூவறாங்க. கொடை கேரட்னு கூவி நான் கேட்டதில்லை.

கொடை_மூஞ்சிக்கல்:
எங்க சரக்கு மேட்டுப்பாளையத்துக்கு எதுக்குப் போகணும்? ஒட்டன்சத்திரம்னு ஒரு மார்க்கெட் இருக்கறதே தெரியாம பேசாதீங்க.

பெட்போர்டு_கண்ணாடி:
இங்க பிள்ளைகளோட கண்ணு போய்க்கிட்டிருக்கு, கேரட் ஏலம் வேண்டாம். எனக்கு ஏன் இவ்வளவு கோவம்னு சொல்றேன். தேயிலை பறிக்கப் போற ஒரு அம்மா, ஆறாவது படிக்கிற பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. "படிப்பு ஏறலை, டீச்சர் மந்தம்னு சொல்றாங்க"ன்னாங்க. நோட்டை வாங்கிப் பார்த்தேன். போர்டுல இருந்து எழுதின கணக்குல 3 எல்லாம் 8 ஆகியிருந்துச்சு. 38-ஐ 88-னு எழுதிட்டு, அந்த 88-ஐ வெச்சு கணக்கைச் சரியாப் போட்டிருந்தான்! ஒரு தப்பு இல்லை. மைனஸ் 3.25. முந்தின வருஷம் வாங்கின கண்ணாடியை ஒரு ஹீலர் சொன்னாருன்னு கழட்டி வெச்சிருக்காங்க. கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறி ஆயிடுமாம். மலேசியாவுல 2002-ல வெளியான ஆய்வுல, வேணும்னே பவரைக் குறைச்சுக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் பவர் இன்னும் வேகமா ஏறுச்சு.

கட்டபெட்டு_அப்பா:
என் மகள் கணக்குல 91. உங்க கதைக்கும் எங்க வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

தொடுசிகிச்சை_மாணவி:
கண்ணாடியைக் கழட்டச் சொன்னது அந்த ஹீலரோட தப்பு. எங்க ஆசிரியர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஒருத்தரை வெச்சு எல்லாரையும் அடிக்காதீங்க.

அருவங்காடு_ரிட்டயர்டு:
சரி சார், ஊசியும் வேண்டாம், கேரட்டும் வேண்டாம். கண்ணாடி மாட்டிக்கிட்டே சாகணுமா? வழி ஏதாவது சொல்லுங்க.

பெட்போர்டு_கண்ணாடி:
வழி இருக்கு, காசும் ஆகாது. வெளிச்சம். சீனாவுல குவாங்சோ நகரத்துல பள்ளிக்கூடங்களைப் பிரிச்சு, ஒரு பாதிப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலா வெளிய விட்டாங்க. மூணு வருஷத்துல புதுசாக் கிட்டப்பார்வை வந்தது அவங்கள்ல 30.4 சதவீதம், மத்தவங்கள்ல 39.5. 2015-ல வெளியான ஆய்வு. ஏற்கெனவே பவர் ஏறிக்கிட்டிருக்கற பிள்ளைக்கு, கண் டாக்டரே ரொம்பக் குறைஞ்ச அளவு அட்ரோபின் எழுதித் தர்றார்.

அருவங்காடு_ரிட்டயர்டு:
வெளிச்சமா? ஜூன்ல இருந்து எங்க ஊர்ல எதிர்வீடே தெரியாது. பிள்ளைங்க மழையில போய் நிக்கணுமா?

கொடை_மூஞ்சிக்கல்:
பனிமூட்டத்துல நம்மளை மிஞ்ச யாரும் இல்லைன்னு நீலகிரிக்காரங்களுக்கு நினைப்பு. எங்க பில்லர் ராக் வந்து பாருங்க.

பெட்போர்டு_கண்ணாடி:
மேகம் மூடினாலும் வெளி வெளிச்சம் வகுப்பறை வெளிச்சத்தை விடப் பல மடங்கு அதிகம். ஸ்வெட்டர் போட்டு விடுங்க, போதும். கட்டபெட்டு அண்ணா, மகள் போர்டைப் படிக்கறாளா?

கட்டபெட்டு_அப்பா:
நல்லாப் படிக்கறா.

பெட்போர்டு_கண்ணாடி:
எந்த பெஞ்சுல உக்காந்து?

கட்டபெட்டு_அப்பா:
முதல் பெஞ்ச். போன மாசம் டீச்சர் மாத்தி உக்கார வெச்சாங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க? உயரம் கம்மி, அதான்.

பெட்போர்டு_கண்ணாடி:
சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. பக்கத்துலயே கண் டாக்டர் இருக்கார், அவரே சொட்டு மருந்து போடுவார். பரீட்சை முடிஞ்ச வாரமாப் பார்த்துக்கலாம். எனக்குக் காசு வேண்டாம், கண்ணாடி விக்கவும் மாட்டேன். 1.75-னு வந்தா இதே இடத்துல எழுதறேன்.

கட்டபெட்டு_அப்பா:
ஊர் முன்னால என் பொண்ணை வெச்சுப் பந்தயம் கட்டறீங்களா? ஞாயித்துக்கிழமை முகாமுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க, காலைத் தொட்டுப் பார்த்துக்கங்க.

அருவங்காடு_ரிட்டயர்டு:
வந்தா வண்டியை மட்டும் வழி மறிச்சு நிறுத்தாதீங்க.

பெட்போர்டு_கண்ணாடி:
அது என் ஸ்கூட்டர் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? முகாமுக்கு வர்றேன். வந்தும் இதைத்தான் கேப்பேன், சொட்டு மருந்து போட்டுப் பார்த்தாங்களா?

கேத்தி_கேரட்:
ஒட்டன்சத்திரத்துல கேரட் என்ன விலைங்க போகுது?