‘ஸரதூஸ்த்ரா’ உங்களை எங்கே பிடித்தது?

கப்பல்காரன்:
‘ஸரதூஸ்த்ரா’ ஆல்பத்தைப் போட்ட இத்தாலிய ராக் குழு மூசெயோ ரோசன்பாக் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 1973, கறுப்பு அட்டை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருடம் முன்பு எங்கள் கப்பல் ஜெனோவாவில் நின்றது. கரையில் இறங்க நாலு மணி நேரம் கிடைத்தது. பழைய ஊரில் எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து ஒன்றில் ரெக்கார்டு கடை. அந்த ஆல்பத்தின் எல்பி இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஏணி போட்டு ஏறி எடுத்தார், மறுபதிப்புதான். என்னிடம் நீட்டும்போது அட்டையில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டிருந்தார். நான் வாங்கிப் பிடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றோம். அப்புறம்தான் விட்டார். விரலுக்கு அடியில் இருந்தது முசோலினியின் மார்பளவுச் சிலை.

அன்று இரவு கேபினில் படுத்துக்கொண்டு போனில் கேட்டேன். முதல் பக்கத்தின் முடிவில் வயலின்கள் மொத்தமாக எழுந்து வருமே, அங்கே கீழே ஓடிய ஜெனரேட்டரும் பாட்டோடு சேர்ந்துகொண்டது. அவ்வளவு பிடித்திருந்தும், அந்த விரல்தான் இன்றுவரை உறுத்துகிறது. வெட்கப்பட்டாரா? என்னை எச்சரித்தாரா?

பலெர்மோ தமிழன்:
வெட்கம்தான் அண்ணா. நான் இத்தாலியின் பலெர்மோவில் வளர்ந்தவன், அப்பா அம்மா யாழ்ப்பாணம். இங்கே பெரியவர்கள் அந்த அட்டையைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். சிலை ஒரு பக்கம், தத்துவஞானி நீட்சேயின் ‘அதிமனிதன்’ என்று பாட்டின் ஒரு பாகத்துக்கு வைத்த தலைப்பு ஒரு பக்கம். இரண்டையும் கூட்டிப் பார்த்து பாசிசக் குழு என்று முத்திரை குத்திவிட்டார்கள். அரசு வானொலி ராய் அவர்களை ஒதுக்கியது. குழு சொல்ல வந்ததோ இயற்கையோடு இணங்கி வாழ்கிற ஒரு மனிதனை.

என் பள்ளிக்கூட நண்பனின் தகப்பன் வாழ்நாள் முழுக்கத் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அட்டையைக் கண்டதும், ‘இது என் வீட்டுக்குள் வேண்டாம்’ என்றார். நாங்கள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் போட்டோம். பாடகர் கலீஃபியின் குரல் ஓய்ந்து (அவருக்குப் பட்டப்பெயரே லூப்போ, ஓநாய்) ‘மணற்கடிகாரங்களின் கோயில்’ என்ற கடைசிப் பாகம் தொடங்கியபோது கதவு திறந்தது. ஏச்சு விழப்போகிறது என்று இருந்தோம். அவர் நிலையில் சாய்ந்து நின்றார். கையில் பாதி உரித்த தோடம்பழம். எட்டு நிமிடமும் அதை உரிக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. முடிந்ததும், ‘நாளைக்குக் கொண்டுபோய்விடு’ என்று சொல்லிவிட்டுப் போனார்.

இடதுகை:
கப்பல்காரரே, அது வயலின் இல்லை, மெல்லோட்ரான் என்ற கீபோர்ட். இதைப் பலரும் தவறாகவே சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு நாடா இருக்கிறது. வயலின் ஓசையை ஏற்கெனவே அதில் பதிந்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். விட்டால் ஸ்பிரிங் அதை இழுத்துத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடும். நாடா ஓடுவது எட்டு விநாடி போல. அதற்கு மேல் எந்த ஸ்வரத்தையும் பிடித்து நிறுத்த முடியாது. குழுவில் அதை வாசித்த பிட் கொராடியின் வாசிப்பில் மூச்சுத் திணறுவது போல ஒன்று கேட்கிறதே, அது இந்தக் கெடுவுக்குள் கையை நகர்த்த வேண்டியிருப்பதால் வருவது.

சர்ச்சில் கீபோர்ட் வாசிப்பவன் நான். ஒரு நாள் ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு அந்தக் கடைசிப் பகுதியை வாசித்துப் பார்த்தேன். இந்தக் கால கீபோர்டில் விரலை எடுக்கும்வரை ஓசை நிற்கும். செத்த மாதிரி இருந்தது. எட்டு வரை எண்ணிக் கையை எடுத்து மறுபடி அழுத்தினேன். உயிர் வந்துவிட்டது!

புதிதாகக் கேட்பவர்களுக்கு: முதல் பக்கம் ஐந்து பாகம், இருபத்தொரு நிமிடம் போல. நடுவில் நிறுத்தாதீர்கள். பேஸ் கூட்டாதீர்கள், ஏற்கெனவே மங்கலான பதிவு, அதுவும் இருட்டுக்குள் கரைந்துவிடும். பிற்காலத்தில் அவர்களே மறுபடி வாசித்த பதிவு சுத்தமாக இருக்கிறது, ஆனால் முதலில் அதற்குப் போகாதீர்கள். இரண்டாம் பக்கத்தை அதே மூச்சில் கேட்க வேண்டாம், தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

மலைப்பாதை:
1882-83 குளிர்காலத்தை நீட்சே கழித்தது இத்தாலியின் லிகூரியக் கடற்கரை ஊரான ரபாலோவில். ஸோவாலிப் பக்கம் மேடேறி நடக்கும்போதுதான் தன் நூலான ‘ஸரதூஸ்த்ரா’வின் முதல் பாகம் தனக்குள் உருவானது என்று அவரே எழுதியிருக்கிறார். இந்தக் குழுப் பையன்களும் அதே லிகூரியக் கடற்கரைக்காரர்கள், மேற்கே போர்டிகேராப் பக்கம். படிக்கிற காலத்தில் நானும் இதைக் காதில் போட்டுக்கொண்டு அந்த வழியாக நடந்திருக்கிறேன். ‘அதிமனிதன்’ பாகம் ஒன்றரை நிமிடம்கூட வராது. அது ஓடி முடிவதற்குள் ஸோவாலி கடற்கரைக்கு மேலே இருக்கிற பாலத்தில் ஒரு ரயில் கடந்து போனது. கீழே மணலில் விளையாடிய பிள்ளைகள் ஒருவரும் நிமிரவில்லை. ஏன் என்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

தாளம்:
பலெர்மோ தம்பி, நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். முசோலினி செத்து 28 வருடம்தான் ஆகியிருந்தது. அடிபட்டவர்களும் வீட்டில் ஆளை இழந்தவர்களும் உயிரோடு இருந்த ஊரில் அந்தத் தலையை அட்டையில் ஒட்டினால், பார்ப்பவர்களுக்குக் கோபம் வராதா? எண்ணம் நல்லது என்பதை யார் வீடு வீடாகப் போய்ச் சொல்வது? ஜான்கார்லோ கோல்ட்ஸியின் டிரம்ஸுக்காக இந்த ஆல்பத்தை உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் அட்டையைத் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். உங்கள் நண்பனின் தகப்பன் செய்தது சரி.

பலெர்மோ தமிழன்:
பிழை என்று நான் சொல்லவே இல்லையே அண்ணா. அடுத்த நாளே கொண்டுபோய்விட்டேன்.

கப்பல்காரன்:
இப்போது விடுப்பில் வீட்டில் இருக்கிறேன். இதையெல்லாம் படித்துவிட்டு எல்பியை வெளியே எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். அட்டை முழுக்கப் பளபளப்பு அப்படியே இருக்கிறது. சிலை இருக்கும் இடத்தில் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, மங்கித் தேய்ந்திருக்கிறது. எனக்கு முன்னால் எத்தனை பேருக்கு எடுத்துக் காட்டினாரோ.