வளரும் பன்றிக்கு எந்தப் பிண்ணாக்கு?

கோத்தகிரிப் பண்ணை: 20 கிலோ தாண்டிய குட்டிகளுக்கு கேரட் கழிவு, தவிடு, கடலைப் பிண்ணாக்கு போடுகிறேன், சதையே பிடிக்கவில்லை. சோயா விலை கட்டுப்படியாகாது. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு கலக்கலாமா?

தாண்டிக்குடி: கடலைப் பிண்ணாக்கில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் சதை வளரத் தேவையான லைசின் என்ற புரதக் கூறு குறைவுங்க, அதனால்தான் வளர்ச்சி நின்றிருக்கும், பாதியையாவது சோயாவாக மாற்றுங்கள், முடியாவிட்டால் கொஞ்சம் கருவாட்டுத் தூள். எள்ளுப் பிண்ணாக்கிலும் லைசின் கம்மிதான்.

குன்னூர்: பருத்தி வேண்டவே வேண்டாம். அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருளை வளர்ந்த மாடு ஓரளவு தாங்கும், பன்றிக்கு இதயமே கெட்டுவிடும். அப்புறம், நம்ம ஊர் ஈரத்தில் மூட்டையைத் தரையில் போட்டால் பூஞ்சைதான். கட்டியை உடைத்துப் பாருங்க, உள்ளே பச்சைப்பொடி இருந்தால் வீசிவிடுங்கள், காயவைத்தாலும் பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு போகாது.

கோத்தகிரிப் பண்ணை: சரி, தேங்காய்ப் பிண்ணாக்கு?

தாண்டிக்குடி: புரதம் 20 சதவீதம்தான், நார் அதிகம். கொஞ்சமாகப் போடலாம்.